பால்மர நிழலில் பால்மாடு

ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தோட்டப் பாட்டாளிக்கு அன்றைய வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கொட்டகையில் மாடு காத்திருக்கும். அதற்குப் புல்லும் தண்ணீரும் தேட வேண்டும். மாலையில் பால் கறந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அளக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிச் செலவு, கோயில் திருவிழா, வீட்டில் நேரும் நல்லது கெட்டது ஆகிய யாவற்றுக்கும் அந்த மாடே சேமிப்புப் பணமாக நின்று உதவியிருக்கிறது.

மாடு வளர்த்தல் நம் மக்களுக்குப் புதிய தொழில் அன்று. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த காலத்தில் இந்தியக் கறவை மாடுகளும் கப்பலேறி வந்தன. அவற்றின் வழிவந்த மாட்டினத்தை இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் இன்றும் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே வழங்குகின்றனர். குறைந்த தீனியில் நிறைந்து, வெயிலையும் உண்ணியையும் தாங்கி வாழும் இனம் அது.

ஆயினும் மாடு வைத்திருப்போருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வருகிறது. "மாடுகள் இளங்கன்றுகளை மேய்கின்றன, மரத்தில் உராய்ந்து பட்டையைக் கெடுக்கின்றன, மங்குகளைத் தட்டிவிடுகின்றன, கான்களை மிதித்துத் தூர்க்கின்றன" என்பது நிர்வாகத்தின் குறை. "தானாக வளரும் புல்லை அழிக்கக் காசு கொடுத்து மருந்தடிக்கிறீர்கள், அதை எங்கள் மாடு தின்றால் உங்களுக்கு என்ன நட்டம்?" என்பது மாட்டுக்காரரின் கேள்வி. பல தோட்டங்களில் இவ்வழக்கு, மாடுகளை அகற்றும்படி வரும் கடிதத்தோடு முடிந்திருக்கிறது. கெடு முடிவதற்குள் வியாபாரி கேட்ட விலைக்கு மாட்டைத் தள்ளிவிட்ட குடும்பங்கள் பல.

இரு தரப்பார் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே நமது கருத்து. மரத்தின் கீழ் மாடு வளர்க்க முடியும். ஆனால் மாட்டை அவிழ்த்துவிட்டு வளர்க்க முடியாது. கட்டுப்பாட்டோடு மேய்க்கும் முறையை மாட்டுக்காரர் கைக்கொண்டால், நிர்வாகம் அவரை விரட்டுவதற்குக் காரணம் குறையும். வரவேற்பதற்குக் காரணமும் ஏற்படும். அம்முறை யாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

களையும் தீனியே

பால்மரத் தீம்பாரில் மருந்தடித்துப் பழகியவர்கள் லாலாங், மிக்கானியா, அசிஸ்தாசியா முதலிய களைகளை நன்கு அறிவர். இவற்றுள் முற்றிய லாலாங்கை மாடு விரும்பித் தின்பதில்லை. இளந்தளிரை மட்டுமே கடிக்கும். மரத்தின்மீது ஏறிப் படர்ந்து அதன் வளர்ச்சியைக் கெடுக்கும் மிக்கானியாக் கொடியையோ மாடு தின்னும். அசிஸ்தாசியா இன்னும் சிறந்த தீனி. ஊதாவும் வெண்மையும் கலந்த சிறு பூப்பூத்து, விதை வெடித்துப் பரவி, மருந்தடித்த சில வாரங்களிலேயே மீண்டும் தலையெடுக்கும் இச்செடியைத் தோட்டத்தார் பெரும் பகையாகக் கருதுகின்றனர். புரதச்சத்து மிகுந்த இதனை ஆடும் மாடும் போட்டியிட்டு மேயும். ஒருவருக்குச் செலவாக நிற்கும் பொருள் மற்றொருவருக்கு வரவாவது இப்படித்தான்.

இது வெறும் ஊகம் அன்று. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1970-களிலேயே பால்மரங்களின் கீழ்ச் செம்மறியாடுகளை மேயவிட்டு ஆராய்ந்தனர். களையெடுப்புச் செலவு குறைந்தது. முறையாக மேய்த்த இடங்களில் மரங்களுக்குக் கேடு நேரவில்லை. அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. செம்பனைத் தோட்டங்களில் மாடு மேய்க்கும் முறையும் இந்நாட்டில் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு, பெரிய தோட்டங்கள் சிலவற்றில் நடைமுறைக்கு வந்துள்ளது.

பால்மரத்தின் கீழ் ஆட்டை முதலில் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆடு எடை குறைந்தது. உயரத்திலுள்ள இலையை எட்டாது. மரத்தின்மேல் உடலைச் சாய்த்துத் தேய்த்தாலும் பெருங்கேடு விளையாது. மாடோ 200 முதல் 300 கிலோ எடையுள்ள பிராணி. ஆகவே ஆட்டுக்குப் பொருந்திய விதியை அப்படியே மாட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது.

மரத்தின் வயது அறிதல்

மாட்டை எந்தத் தீம்பாரில் விடலாம், எதில் விடலாகாது என்பதை மரத்தின் வயதே முடிவு செய்கிறது. இந்த ஒன்றில் கவனம் பிசகியதாலேயே பெரும்பாலான சண்டைகள் மூண்டன.

மறுநடவு செய்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மரவரிசைகளுக்கிடையே வெயில் தாராளமாக விழும். தீனியும் மிகுதியாக இருக்கும். பார்க்கும் மாட்டுக்காரருக்கு ஆசை எழுவது இயல்பே. ஆனால் அங்கே மண்டியிருப்பது பெரும்பாலும் புல் அன்று. புயரேரியா, செந்த்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற மூடுபயிர்க் கொடிகளாகும். இவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து, இளமரத்துக்கு உரமாக்கித் தருவதற்கென்றே நிர்வாகம் செலவிட்டு நடுகின்ற பயிர் இது. அத்துடன் ஒட்டுக்கன்றின் தளிரும் பச்சைப் பட்டையும் மாட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. ஒரு கன்றை மாடு கடித்துவிட்டால் அம்மரம் வெட்டுக்கு வரும் காலம் தள்ளிப்போகும். சில வேளை மரமே இல்லாமற்போகும். எனவே இக்காலத்தில் மாட்டை உள்ளே விடுவதே கூடாது. வழியோரத்தும் ஓடைக்கரையிலும் உள்ள புல்லை அறுத்துவந்து கொட்டகையில் போடுவதே தக்கது. பசித்த மாட்டுக்கு இக்கொடிகளை மிகுதியாகத் தின்னக் கொடுத்தால் வயிறு உப்பி இறக்கவும் கூடும்.

இலைகள் மாட்டுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்று, அடிமரப் பட்டை பச்சை நிறம் மாறிப் பழுப்பேறிய பின்னர் நிலைமை மாறுகிறது. அப்போது தொடங்கி, மரம் வெட்டுக்கு வரும் ஐந்தாம் ஆறாம் ஆண்டு வரையிலான காலமே மேய்ச்சலுக்கு ஏற்றது. மங்கு கட்டப்படாத மரங்கள். இன்னும் ஓரளவு வெயில் விழும் நிலம். மூடுபயிர் மங்கிப் புல்லும் களையும் மேலோங்கும் பருவம். மருந்தடிப்புக்கு நிர்வாகம் பெருஞ்செலவு செய்வதும் இக்காலத்தில்தான்.

கொப்புகள் ஒன்றோடொன்று கூடி நிழல் கவிந்துவிட்டால் நிலத்துக்கு வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துவிடும். அகன்ற இலையுடைய தரைப்புல் போன்ற நிழல் தாங்கிகளே அங்கே எஞ்சும். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும் சில வாரங்களில் மட்டும் வெளிச்சம் பெருகிப் புல் சற்றே தழைக்கும். இந்த முதிர்ந்த தீம்பார்களில் மங்கே முக்கியப் பிரச்சினை. பாலாகவே சேகரிக்கும் தோட்டங்களில், பால் எடுத்து முடித்த பின்னரோ வெட்டு இல்லாத நாளிலோ மாட்டை ஓட்டலாம். மங்கிலேயே உறையவிட்டுச் சில நாட்களுக்கு ஒருமுறை கட்டிப்பால் எடுக்கும் தோட்டங்களில், மங்கு காலியான நாளன்றி மற்ற நாளில் மாடு நுழைவது தகாது. மாடு தட்டிய ஒவ்வொரு மங்கும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கூலியில் குறைவாகும் என்பதை மாட்டுக்காரரும் நினைக்க வேண்டும். அவரும் ஒரு நிரைக்குச் சொந்தக்காரர் அல்லவா?

எத்தனை மாடு?

250 கிலோ எடையுள்ள ஒரு பசு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ பசும்புல் தின்னும். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 9 டன்னுக்கு மேலாகும். முப்பது முதல் நாற்பது லிட்டர் வரை தண்ணீரும் நாள்தோறும் வேண்டும். இக்கணக்கைப் பாராமல் பத்து ஏக்கர் நிழல் தீம்பாரில் பத்து மாடுகளை விட்டால் ஒரு மாதத்தில் தரை மொட்டையாகிவிடும். பிறகு பசி தாளாத மாடுகள் பட்டையைக் கடிக்கும், மறுநடவுக்குள் புகும், இரவில் சாலைக்கு வந்து மோட்டார் சைக்கிளில் வருவோரின் உயிருக்கு எமனாகும். மாடு கெட்டது என்று சொல்வது எளிது. உண்மையில் கெட்டது கணக்கே.

முதிர்ந்த செம்பனையின் கீழ் ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ 4 எக்டர், அதாவது 10 ஏக்கர் என்பது இந்நாட்டில் வழங்கிவரும் அளவு. நிழல் கவிந்த பால்மரத் தீம்பாருக்கும் அந்த அளவிலேயே தொடங்குவது பாதுகாப்பானது. இளமரத் தீம்பாரில் கூடுதலாக விடலாம். எவ்வளவு கூடுதல் என்பதைப் புல்லின் உயரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பகுதி பகுதியாக மேய்த்தல்

மாட்டைத் தீம்பார் முழுவதும் விட்டால் அது இனிய புல்லை மட்டும் தேடித் தின்றுவிட்டுக் கசந்த களையை விட்டுவைக்கும். சில மாதங்களில் நல்ல புல் அழிந்து, வேண்டாத களையே நிறையும். ஆதலால் நிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஓரிரு நாட்கள் மட்டும் மந்தையை நெருக்கமாக வைத்து மேய்த்து, அடுத்ததற்கு நகர்த்த வேண்டும். மேய்ந்த பகுதிக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு கொடுத்தால் புல் மீண்டும் தழைத்துவிடும். நெருக்கமாக நிற்கும் மாடுகள் நல்லது கெட்டது பாராமல் மேய்வதால் களையும் அடங்கும். சாணமும் ஒரே இடத்தில் குவியாமல் எங்கும் பரவும். உண்ணியும் குடற்புழுவும் பெருகுவதும் குறையும்.

பகுதி பிரிப்பதற்கு இப்போது சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலி பயன்படுகிறது. ஒன்றிரண்டு கம்பிகளை இலேசான கழிகளில் கட்டினால் போதும். அதில் பாய்வது விட்டு விட்டு வரும் மின்துடிப்பு. மாட்டைச் சுண்டி விலகச் செய்யுமேயன்றிக் கொல்லாது. ஆனால் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பது மனிதரையும் மாட்டையும் கொல்லும் செயலாகும். அதனை ஒருபோதும் செய்யலாகாது. மின்வேலி வாங்க வசதியில்லாதவர்கள் முளையடித்து நீண்ட கயிற்றில் கட்டி, நாள்தோறும் இடம் மாற்றலாம். அதற்கு உழைப்பு அதிகம். அல்லது ஐந்தாறு குடும்பத்தார் ஒன்றுகூடி ஒரு மேய்ப்பரை அமர்த்திக்கொள்ளலாம்.

கனமழைக்குப் பின் ஈரமான சரிவுகளில் மாட்டை ஓட்டினால் மண் இறுகும். படிவரப்புகளும் கான்களும் இடியும். அத்தகைய நாட்களில் கொட்டகையில் வைத்தே தீனி போடுவதற்குக் கைவசம் ஏதேனும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தீவன மரம்.

வேலியில் வளரும் தீவனம்

பால்மரம் நிழல் தருகிறது. அதன் இலை தீனி ஆகாது. தீனி தரும் மரங்களைக் கொட்டகையைச் சுற்றியும், மேய்ச்சல் எல்லையிலும், ஓடையோரத்திலும் நாமே நட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதினர். அகத்தி புரதச்சத்து மிக்க தழைதான். ஆனால் அடிக்கடி மொட்டையடித்தால் அம்மரம் பட்டுப்போகும். நாள்தோறும் அறுக்க ஏற்றது கிளைரிசிடியா. கொக்கோவுக்கு நிழல் மரமாக நடப்பட்டதால் நம்மில் பலருக்கு அது தெரிந்த மரமே. முற்றிய கிளையை ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டி நட்டாலே வேர்விட்டு வேலியாகிவிடும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அறுவடையைத் தொடங்கி, பின்னர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிளைகளைக் கழிக்கலாம். தழையில் புரதம் 20 விழுக்காட்டுக்கும் மேல் உண்டு. அதன் வாடை பிடிக்காமல் மாடு முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனைக் கண்டு மனந்தளர வேண்டாம். ஓரிரவு வாடவிட்டு, புல்லோடு கலந்து சிறிது சிறிதாகப் போட்டால் பழகிவிடும்.

பெத்தாய் பெலாலாங் எனப்படும் சவுண்டலும் புகழ்பெற்ற தீவன மரம். ஆனால் புளிப்பு மிகுந்த தோட்ட மண்ணில் அது செழிப்பதில்லை. அதன் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருளும் உண்டு. அளவுக்கு மிஞ்சித் தின்ற மாட்டுக்கு முடி உதிரும். கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆஸ்திரேலிய மாடுகள் இதனால் துன்புற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதே இலையை உண்டும் நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் கண்டார். அந்த ஆடுகளின் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிர் நஞ்சை முறிப்பது தெரியவந்தது. 1980-களில் அந்நுண்ணுயிர் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுக்கப்பட்டு அவையும் காப்பாற்றப்பட்டன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கொடுத்தாலே போதும்.

மரத்தையும் மாட்டையும் இணைக்கும் இம்முயற்சியில் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் அனுபவம் நமக்கு ஒரு பாடமாகும். அங்கே காட்டை அழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் வெயிலில் காய்ந்து கெட்டுக் கிடந்தது. நம்மிடம் மரம் இருக்கிறது, மாட்டைச் சேர்க்கிறோம். அவர்களிடம் மாடு இருந்தது, மரத்தைச் சேர்த்தனர். 2010-இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உலக வங்கியின் துணையோடு நடந்த திட்டத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் பங்குகொண்டன. மரம் வளர்ந்து பயன் தரும்வரை விவசாயி கைக்காசைப் போட்டுக் காத்திருக்க முடியாது என்பதை உணர்ந்து, பயிற்சியும் பண உதவியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. நம் தோட்டங்களிலும் முதலாண்டுச் சுமையே பெரிது. வேலிச் செலவை நிர்வாகமும், மேய்க்கும் உழைப்பை மாட்டுக்காரர்களும் ஏற்றுக்கொள்வதே நியாயமான பங்கீடு என நாம் எண்ணுகிறோம். மருந்தடிப்பில் மிச்சமாகும் பணம் நிர்வாகத்துக்கே போய்ச் சேர்கிறது அல்லவா?

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

முற்காலத்தில் லாலாங்கை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம் தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. அதன் உப்புச் சுவையால் ஈர்க்கப்பட்டுப் புல்லை நக்கிய மாடுகள் மாண்டன. மருந்தடித்த பெண்களின் கைகால்களில் புண் வைத்த பாராகுவாட் மருந்துக்கு 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் முழுத்தடை விதிக்கப்பட்டது. இப்போது வழங்கும் மருந்துகள் அத்துணைக் கொடியவை அல்ல எனினும், தெளித்த தீம்பாரில் உடனே மாட்டை விடுவது தவறு. கால்நடைகளை எத்தனை நாள் விலக்கி வைக்க வேண்டும் என்பதைப் புட்டியின் முகச்சீட்டைப் படித்தோ, மண்டோரைக் கேட்டோ அறிந்துகொள்ளுங்கள். மாடு மேயும் தீம்பாரில் மருந்தடிப்புச் சுற்றுகள் குறையும்போது, தோளில் மருந்துத் தொட்டி சுமக்கும் நம் பெண்களுக்கும் அந்த நஞ்சு குறைகிறது. இதனைப் பணத்தில் அளக்க முடியாது.

உரம் போடும் நாட்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். குவியலாகக் கிடக்கும் யூரியாவை நக்கும் மாடு சில மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும். நல்ல மழை பெய்து உரம் கரையும்வரை அப்பகுதிக்கு ஓட்டாதீர்கள். பல நிறப் பூப்பூக்கும் உண்ணிச்செடியும் ஈரலைக் கெடுத்து மஞ்சட்காமாலை உண்டாக்கும். மேய்ச்சல் பகுதியில் அதனை வேரோடு களைந்துவிடுங்கள். கோமாரி நோய்க்கும், 2021-இல் இந்நாட்டுக்குள் நுழைந்த தோல் கழலை நோய்க்கும் கால்நடைச் சேவைத் துறையினரைக் கலந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்தையைக் கூட்டாக மேய்க்கும் இடத்தில் ஒரு வீட்டுக்காரர் தடுப்பூசியைத் தவிர்த்தால் மற்றவர் மாடுகளுக்கும் ஆபத்து.

எழுத்தில் இருக்கட்டும்

வாய்மொழி அனுமதி மேலாளர் மாறும் நாளோடு போய்விடும். மாடு வளர்ப்போர் ஒன்றுகூடி, வீட்டுக்கு எத்தனை மாடு, எந்தெந்தத் தீம்பார், எந்த நாட்கள், மேய்ப்பர் யார், மருந்தும் உரமும் போடுமுன் யாருக்குத் தகவல் தருவது, கன்று சேதமானால் யார் ஈடு செய்வது ஆகியவற்றை எழுதி, நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மாடுகளுக்குக் காதுப் பட்டை அணிவித்தால், வெளியாரின் மாடு செய்த சேதம் நம் தலையில் விழாது. முதலில் வெட்டுக்கு வராத ஒரே ஒரு தீம்பாரில் ஆறு மாதம் நடத்திக் காட்டுவோம் என்று கேட்பதே நன்று. தொடக்கத்திலும் முடிவிலும் அங்கே மருந்தடிப்புக்கான செலவு என்ன என்பதைக் கிராணியின் கணக்கே காட்டிவிடும்.

உங்கள் தோட்டத்தில் மறுநடவு நெருங்குகிறது எனில் இன்னொன்றையும் அப்போதே கேட்கலாம். மரங்களை இரட்டை வரிசையாக நெருக்கி நட்டு, இரு இரட்டை வரிசைகளுக்கு இடையே அகன்ற வெளி விடும் நடவு முறை ஒன்று உண்டு. இம்முறையில் மரங்கள் முதிர்ந்த பின்னும் நடுவெளியில் வெயில் விழுவதால் புல் நீடித்து வளரும். நிலத்தில் கோடு போட்டுக் குழி வெட்டிய பிறகு இதனைக் கேட்டுப் பயனில்லை. மரங்களை வெட்டிச் சாய்க்கும் செய்தி வந்த வாரத்திலேயே விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்து, ஒரு படியை மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.